கொக்கோஸ் தீவில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி

முன்னாள் தோட்டக் கிராணி (எழுத்தர்), சுங்கை சிப்புட், மலேசியா:

இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆஸ்திரேலியாவின் கொக்கோஸ் கீலிங் தீவுகளைப் பற்றி இங்கே முன்பே பலர் எழுதிவிட்டதால், பெர்த்திலிருந்து பறந்ததையும் காயலின் நிறத்தையும் விட்டுவிடுகிறேன். ஹோம் தீவின் அருங்காட்சியகத்தில் நடந்த ஒன்று மட்டும் இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. தீவுகளைத் தங்கள் சொத்தாக வைத்திருந்த குளூனிஸ்-ராஸ் குடும்பத்தார் தங்கள் தென்னந்தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியாகக் கொடுத்த, நாணயம் போன்ற வில்லைகள் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தன. பிற்காலத்தில் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்ட அவை, துரையின் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாதவை. தீவை விட்டுப் போனவர் திரும்பி வர இயலாது என்ற கட்டுப்பாடும் அங்கே இருந்திருக்கிறது. நான் பேராக்கில் தோட்ட வேலை பார்த்தவன் என்று அறிந்ததும், பக்கத்தில் நின்ற கொக்கோஸ் மலாய்ப் பெரியவர் கண்ணாடியின் மேல் விரலை வைத்து, "உங்கள் தோட்டத்திலும் இப்படித்தானா?" என்று மலாயில் கேட்டார். சம்பள நாளன்று கடைக்காரர் பற்றுப் புத்தகத்தோடு அலுவலக வாசலில் காத்திருப்பது கண்முன் வந்தது. இல்லை என்று சொல்ல நா எழவில்லை. ஆம் என்றும் நான் சொல்லவில்லை.

தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர்:

கிராணி ஐயாவின் தயக்கம் எனக்குப் புரியவில்லை. இல்லை என்றே சொல்லியிருக்கலாம். கடையில் கடனை அடைத்தபின் மிஞ்சியது ஐந்து வெள்ளியே (மலேசியப் பணம்) ஆனாலும், அதை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பேருந்து ஏற முடிந்தது. தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக நம் ஊர்த் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் என் தாயார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார். வில்லையைக் கட்டி யார் பங்கு வாங்க முடியும்? ஆனாலும் ஒன்று. 1978இல் குளூனிஸ்-ராஸ் குடும்பத்திடமிருந்து ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலருக்குத் தீவுகளை வாங்கியது. ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் 1984இல் நடந்த வாக்கெடுப்பில், ஆஸ்திரேலியாவுடன் இணைவது என்று தீவு மக்களே முடிவு செய்தார்கள். நம் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம்மிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அந்த வாக்கெடுப்பைப் பற்றித் தீவு இளைஞர் ஒருவர் எனக்கு விளக்கியபோது இருந்த நிமிர்வு எனக்குப் பொறாமையைத்தான் தந்தது.

நூலகப் பணியாளர்:

என் பாட்டனார் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1914 அக்டோபர் 28 விடியலில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு அங்கே நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்த கதையை அவர் ஓயாமல் சொல்வார். நவம்பர் 9 அன்று அதே எம்டன் இந்தத் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு, வடக்குக் கீலிங்கின் பவளத்திட்டில் ஏறி நின்றது. கரையிறங்கிய ஜெர்மானியர்கள் தந்தி நிலையத்தை உடைத்த டைரக்‌ஷன் தீவில் நானும் நின்றேன். அவ்வளவுதான், ஆனால் மறக்க முடியவில்லை.

போக நினைப்பவர்கள் ஆஸ்திரேலிய விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விமானம் இறங்குவது வெஸ்ட் தீவில். மலாய் மக்கள் வாழும் ஹோம் தீவுக்குப் படகில் காயலைக் கடக்க வேண்டும் என்பதால், படகு நேரத்தைப் பார்த்த பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள். ஹோம் தீவு முஸ்லிம் ஊர். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். காய்கறி தொலைவிலிருந்து வருவதால் விலை கடுமை. டைரக்‌ஷன் தீவின் முனையில் நீரோட்டம் வலிமையானது. அதை எதிர்த்து நீந்தாதீர்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள்: எரிமலை அமிழ அமிழ அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்தே இத்தகைய வளையத் தீவுகள் உருவாகின்றன என்பது 1836இல் இங்கே வந்த டார்வினின் விளக்கம். அப்படி வளர்ந்ததை நம் செருப்பு ஒரு நொடியில் உடைத்துவிடும். (ஊறுகாய் கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியச் சுங்கப் படிவத்தை ஒழுங்காக நிரப்புங்கள்.)

மலேசியாவின் சபா மாநிலத்துத் தாவாவில் மகளைக் கட்டிக்கொடுத்தவர்:

முன்னாள் மாணவர் வாக்கெடுப்பைப் புகழ்கிறார். உலகப் போருக்குப் பின் தீவுகளில் ஆள் பெருகியதால் சபாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல. மகளின் பக்கத்து வீட்டு மூதாட்டி அப்படி வந்தவர்களில் ஒருவர். கொக்கோஸுக்குப் போய்வந்தேன் என்றதும் அவர் என்னை உட்கார வைத்து, எந்தெந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. 1984இல் வாக்களித்தவர்களில் இவர் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.