புதுப்பிப்பு (பிளாஸ்மா டிவிகள் கடைகளில் விற்ற காலத்தில் எழுதியது): பிளாஸ்மா டிவியா எல்சிடி டிவியா? எல்சிடியே வாங்கியாச்சு

ஊட்டி வீட்டுக்கு 42 அங்குல பிளாஸ்மா தள்ளுபடியில் கிடைக்கிறது, கிட்டத்தட்ட அதே விலைக்கு 32 அங்குல எல்சிடி, எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். “கடையில் டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்” என்று சொன்ன குன்னூர் அண்ணனுக்கு முதல் நன்றி.

கேட்டேன். திரை வெள்ளையானதும் பின்பக்கத்திலிருந்து ‘ஙொய்’ என்று ரீங்காரம். படம் இருண்டதும் அடங்கிவிட்டது. கோவையில் பார்த்த இதே மாடலில் அந்தச் சத்தமே இல்லை.

காரணம் உயரம்தான். பிளாஸ்மா திரையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வாயு அடைத்த நுண்ணறைகள் இருக்கின்றன. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. கண்ணாடிகளை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிடி தளர்ந்து, அவை அதிர்கின்றன. எல்சிடியில் இந்த வாயு அறைகளே கிடையாது.

கறுப்பின் அடர்த்தியிலும் கிரிக்கெட் பந்தின் ஓட்டத்திலும் பிளாஸ்மாதான் மேல், சந்தேகமே இல்லை. கரண்ட் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். சமவெளிக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். கொடைக்கானல் நண்பர்களே, எத்தனை மீட்டர் உயரம் வரை ஏற்றது என்று கையேட்டில் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.