ஈகோ வேனுக்குள் கட்டில்: போல்ட் அடிக்கலாமா, கூடாதா?

ஊர்சுற்றி_திருப்பூர்
எங்களிடம் 2018 மாடல் மாருதி ஈகோ வேன் இருக்கிறது. ஐந்து சீட், பெட்ரோல், வெள்ளை போர்டு. நான், மனைவி, ஏழு வயது மகள். வால்பாறை, மூணாறு, கூர்க் என்று மாதம் ஒரு தடவையாவது கிளம்பிவிடுவோம். பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் வைத்து அதையே கேம்பர் வேனாக மாற்ற ஆசை. பட்டறைக்காரர் ஒருவர் தரையில் ஓட்டை போட்டு போல்ட் அடித்துவிடலாம், கூரையை வெட்டி ஃபேன் வைத்துவிடலாம் என்கிறார். என் மச்சான், ஆர்டிஓ கண்ணில் பட்டால் வண்டி போச்சு என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பிரேக்_இன்ஸ்பெக்டர்_பையன்
மச்சான் பேச்சை. வண்டி போகாது, ஆனால் வம்பு வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி புக்கில் உள்ளதற்கும் வித்தியாசம் வருகிற மாதிரி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவும் சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டில் ஒன்று, கூரை ஓட்டை ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்?

கேம்பர் வேன் என்று பதிவில் தனி வகுப்பே இருக்கிறது. உள்ளேயே தங்குகிற மாதிரி வண்டிக்கு, அதாவது மோட்டார் கேரவனுக்கு, ஏஐஎஸ் 124 என்று தனித் தரமும் உண்டு. ஒரே ஒரு ஈகோவுக்காக அந்த ஒப்புதலுக்கெல்லாம் யாரும் அலையப் போவதில்லை.

மரவேலை_மணி
சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நம்ம ஊரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நாமக்கல்லிலும் கரூரிலும் பாடி கட்டியே ஊர் பிழைக்கிறது. வெறும் சேசிஸாக, அடிச்சட்டமும் இன்ஜினுமாக வந்து முழு வண்டியாகப் போகிறது. அங்கே ஆகிறது, ஒரு பலகைக் கட்டிலுக்கு ஆகாதா?

ஒன்று சொல்கிறேன் தம்பி, 'கழற்றி மாட்டும் கட்டில்' என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். 18 எம்எம் பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே முப்பது கிலோவுக்கு மேல் வரும். அதற்கு மேல் பெட்டி, தண்ணீர் கேன், அடுப்பு. அறுபதில் போகும்போது நாய் குறுக்கே வந்து பிரேக் அடித்தால் அத்தனையும் உங்கள் பிடரிக்கு வரும். என் வண்டியில், பழைய டெம்போ டிராவலர், எல்லாம் ஃபிரேமோடு போல்ட். மூன்று வருடம் ஓடியாயிற்று, எந்தப் பிரேக் இன்ஸ்பெக்டரும் கேட்டதில்லை.

பிரேக்_இன்ஸ்பெக்டர்_பையன்
பாடி கட்டுகிற தொழிலும் நீங்கள் செய்வதும் ஒன்றில்லை அண்ணே. சேசிஸை வாங்கி, விதிப்படி பாடி கட்டி, அதற்கு அப்புறம்தான் முதல் பதிவே நடக்கிறது. நீங்கள் பதிவான வண்டியை வெட்டுகிறீர்கள். யாரும் கேட்டதில்லை என்பது ஒரு வாதமா? விபத்து ஆகிற அன்றைக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பார். சொல்லாமல் மாற்றிய வண்டி என்று தெரிந்தால் க்ளெய்மில் கை வைக்க அது ஒன்று போதும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் உங்கள் பேச்சை ஒத்துக்கொள்கிறேன். அவிழ்ந்து கிடக்கிற பலகை ஆபத்துதான்.

லாட்ஜே_போதும்
எனக்கு ஒரு சந்தேகம். வண்டியைத் தயார் செய்துவிட்டீர்கள், சரி. ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்? கூர்க் போகிற வழியில் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். காட்டுக்குள் ஓரமாக நிறுத்தித் தூங்குகிற பேச்சே கிடையாது. வால்பாறையில் எஸ்டேட்காரர் விடமாட்டார். கடைசியில் பெட்ரோல் பங்க் ஓரத்தில், லாரிகளுக்கு நடுவே, டியூப்லைட் முகத்தில் அடிக்கப் படுப்பீர்கள். அந்தச் செலவில் வருடம் முழுக்க லாட்ஜில் ரூம் போடலாம், வெந்நீரும் வரும்.

மரவேலை_மணி
லாரி டிரைவர்கள் கேபினுக்குள்ளேயே படுத்து, ஓரமாக ஸ்டவ் வைத்துச் சோறாக்கிச் சாப்பிட்டு நாடு முழுக்கப் போகிறார்கள். அவர்களுக்கு இல்லாத கௌரவம் நமக்கு எதற்கு? கேரளாவில் 2021இலேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை போட்டு, வாகமணில் கேரவன் நிறுத்தித் தங்க ஒரு பார்க்கும் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டில் எல்லாரும் வேனை வாங்கி வீடாக்கிக்கொண்டுதானே திரிகிறார்கள்?

லாட்ஜே_போதும்
வாகமணில் இடம் இருக்கிறது என்பதற்காக அவர் வால்பாறைக்குப் போகும்போதெல்லாம் வாகமணில் போய்ப் படுப்பாரா?

வடமராட்சி_லண்டன்
மணி அண்ணை, இங்கேயும் நினைத்த மாதிரிச் செய்ய ஏலாது. நான் பழைய ஃபோர்ட் டிரான்சிட் வேன் ஒன்றை இரண்டு வருடமாக மாற்றிக்கொண்டிருக்கிறன். உள்ளே கட்டில், குசினி எல்லாம் வடிவாகத்தான் இருக்கு. ஆனால் டிவிஎல்ஏ காரர், இங்கே வண்டி பதிகிற அரசாங்கக் கந்தோர், புத்தகத்தில் 'மோட்டார் கேரவன்' என்று எழுத வெளித்தோற்றத்தைத்தான் பார்க்கினம். ஒரு பக்கத்திலாவது இரண்டு யன்னல், இரண்டு பக்கமும் கேரவன் மாதிரிக் கோடு போட்ட ஸ்டிக்கர், பக்கத்தில் பந்தல் மாட்டுகிற கம்பி, இப்படி. என்னுடையதுக்கு வெறும் யன்னல் வைத்த வேன் என்றுதான் எழுதி அனுப்பினவை. ஓட்டலாம், தடை இல்லை. இன்சூரன்ஸ்காரருக்கு மட்டும் ஒன்றும் மறைக்காமல் சொல்லவேணும்.

கரன்ட்_கண்ணன்
எல்லாரும் போல்ட்டிலேயே நிற்கிறீர்கள். என்னிடம் வேலைக்கு வருகிற வண்டிகளில் பாதி வயரிங்கில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஒரு நண்பர் ஆயிரம் வாட் இன்வெர்ட்டருக்கு வீட்டுக்கு இழுக்கிற 1.5 எம்எம் வயரைப் போட்டிருந்தார். வீட்டில் 230 வோல்ட்டில் ஆயிரம் வாட் என்றால் நாலரை ஆம்பியர்கூட வராது, அதனால் தாங்கும். 12 வோல்ட் பேட்டரியில் அதே ஆயிரம் வாட்டுக்கு எண்பதுக்கு மேல், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் தொண்ணூறு தாண்டும். சோறு வேகும் முன் வயர் வெந்துவிட்டது. மெத்தைக்கு அடியில் வேறு. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருந்திருந்தால் அந்த நாற்றமே வந்திருக்காது.

இண்டக்ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள், இரண்டாயிரம் வாட். ஃபிரிட்ஜ் வைக்கலாம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 45 வாட், பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு அரை யூனிட் சொச்சம், அதாவது 540 வாட்-மணி. 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கும். வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தள்ளும்.

ஊர்சுற்றி_திருப்பூர்
கண்ணன் அண்ணே, ஏசி? ஏப்ரலில் கீழே சமவெளியில் எங்காவது தூங்க வேண்டி வந்தால்? இன்ஜினை ஓடவிட்டு வண்டி ஏசியைப் போட்டுக்கொள்ளலாமா?

கரன்ட்_கண்ணன்
வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், நினைவிருக்கிறதா? ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, எழுப்பாது. ஈகோவில் இன்ஜினே முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பட்டறைக்காரர் தரையில் போடுகிற ஒவ்வொரு ஓட்டையும் அதற்கு வாசல். பேட்டரியில் வீட்டு ஏசி ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். வெயில் காலத்தில் மலைக்கு மேலே போய்ப் படுங்கள், கீழே என்றால் லாட்ஜ்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

மலர்_சேலம்
முதலிலிருந்து படித்தேன். கட்டில், ஃபியூஸ், சட்டம் எல்லாம் பேசியாயிற்று. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் உங்கள் மகள் எங்கே உட்காருவாள்?

முன்னால் இரண்டே சீட். நீங்கள் ஓட்டுவீர்கள், உங்கள் மனைவி பக்கத்தில். பாப்பா கட்டில் மேல் பெல்ட் இல்லாமல் உருண்டுகொண்டு வருவாளா? மணி அண்ணன் பிளைவுட் பறக்கும் என்றார். பிளைவுட்டுக்கு போல்ட் போடுவீர்கள், அவளுக்கு? பதினாலு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அதே சட்டத்தில் 194பி இருக்கிறது. சட்டம் பேசியவர்கூட அதைச் சொல்லவில்லை.

இன்னொன்று, நாலு ஆண்கள் சேர்ந்து பேசினால் ஒருவர்கூட கழிப்பறை என்ற சொல்லை எடுப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு பங்க் கழிப்பறை பூட்டியிருந்தால் நீங்கள் புதர் தேடுவீர்கள். உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா?

பிரேக்_இன்ஸ்பெக்டர்_பையன்
ஒத்துக்கொள்கிறேன் அக்கா, தோன்றவே இல்லை.

மரவேலை_மணி
நான் முழு டிராவலரை மனதில் வைத்துப் பேசிவிட்டேன். அதில் முன்வரிசை சீட்டை விட்டுவிட்டுப் பின்னால்தான் கட்டினேன். ஈகோவில் அதற்கு இடமில்லை. வெளி அகலமே 1475 எம்எம், குறுக்கே படுத்தால் கால் மடங்கும். நீளவாக்கில்தான் படுக்க வேண்டும், அப்படிப் படுக்க பின் சீட் போயாக வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், போடுகிறதை அசையாமல் போடுங்கள். டிக்கியில் வைக்கிற பெட்டியானாலும் சரக்கைக் கட்டி முறுக்கி இறுக்குகிற ரேட்செட் பெல்ட்டால் இறுக்குங்கள்.

ஊர்சுற்றி_திருப்பூர்
வீட்டில் கேட்டேன். "பாத்ரூம் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினால் வருகிறேன், இல்லாவிட்டால் நீயும் உன் வேனும்" என்று பதில். மகளிடம் கட்டில் இல்லை என்றதும் அழுதாள், டென்ட் என்றதும் சரியாகிவிட்டாள்.

பட்டறைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீட் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். டிக்கிக்கு மட்டும் 12 எம்எம்மில் ஒரு பெட்டி, உள்ளே ஃபிரிட்ஜ், பேட்டரி, பக்கத்தில் அடுப்பு. சமையல் கதவுக்கு வெளியே. மணி அண்ணே, ரேட்செட் பெல்ட்டை எதில் கொக்கி போடுவது? பின்னால் வளையம் எதுவும் கண்ணில் படவில்லை.

மரவேலை_மணி
பின் சீட்டைத் தரையோடு பிடித்திருக்கிற போல்ட் இருக்கிறதல்லவா? அதே அளவில் தலையில் வளையம் வைத்த கண் போல்ட் கிடைக்கும், இழுவை தாங்குகிற ஹை டென்சில் கேட்டு வாங்குங்கள். பெட்டிக் கடையில் தொங்குகிற கொக்கியை வாங்கிவிடாதீர்கள்.

பிரேக்_இன்ஸ்பெக்டர்_பையன்
சீட் போல்ட்டில் கை வைக்காதீர்கள் என்று நான் சொன்னால் மறுபடி சண்டை வரும். ஆனாலும் சொல்கிறேன், வைக்காதீர்கள். சீட் காலைச் சுற்றிப் பெல்ட்டைக் கொடுத்து இறுக்கினாலே போதும்.

மரவேலை_மணி
சீட் கால் தகரம் தம்பி. நாளைக்கு போட்டோ போடுகிறேன், பார்த்துவிட்டுப் பேசுங்கள்.