செயின் மெயில் அணிந்தும் கதாயுத அடி குறையவில்லை (பால்டர்ஸ் கேட், முதல் பாகம்)

பகடைப்பித்தன்:
பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டின் மூன்றாம் பாகத்தை முடித்த கையோடு, 1998-இல் வந்த முதல் பாகத்தைத் தொடங்கியிருக்கிறேன். அங்கே ஏசி (கவசத்தின் காப்பைச் சொல்லும் எண்) ஏற ஏறப் பாதுகாப்பு, இங்கே இறங்க இறங்கப் பாதுகாப்பு. அது புரிந்துவிட்டது, அதற்காக யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சிக்கல் வேறு. என் போர்வீரனின் தோல் கவசத்தைக் கழற்றிவிட்டுச் செயின் மெயில் (இரும்பு வளையங்களைக் கோத்த கவசம்) மாட்டினேன். ஏசி 8-லிருந்து 5-க்கு வந்தது. வாள்காரர்களின் வீச்சு இப்போது பெரும்பாலும் வீணாகிறது. கதாயுதக்காரன் மட்டும் பழையபடியே வெளுத்து வாங்குகிறான். ஏன்?

கூடவே இரண்டு கேள்விகள். இதற்கு மூலமான மேசை விளையாட்டில் பேர்போன இருகை வாள் இங்கே ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது? சண்டை நடுவே என் சாதாரண வாள் முறிந்துபோனது, அது நிரலில் உள்ள பிழையா?

சும்மா_வந்தவன்:
பழைய விளையாட்டுகளில் பகடையே ஏமாற்றும். கடினநிலையைக் குறைத்துவிட்டு நிம்மதியாக ஆடுங்கள்.

தாக்கோதாசன்:
பகடை மேல் பழி போடுவதற்கு முன்னால் கவசத்தின் விவரத்தைத் திறந்து படியுங்கள், வலப்பக்கச் சொடுக்கு போதும். செயின் மெயிலின் 5 எல்லா ஆயுதத்துக்கும் பொருந்தாது. வெட்டும் ஆயுதத்துக்கு எதிராக அது 3, நசுக்கும் ஆயுதத்துக்கு எதிராக 7. தோல் கவசமோ நசுக்கலுக்கு 8-லேயே நிற்கும். ஆக வாளுக்கு எதிராக உங்களுக்குக் கிடைத்தது ஐந்து புள்ளி, கதாயுதத்துக்கு எதிராக ஒரே ஒரு புள்ளி. இருபது பக்கப் பகடையில் ஒரு புள்ளி என்றால் 5 சதவீதம். அதைக் கண்ணால் பார்த்து உணர முடியாது.

தாக்கோ (ஏசி 0 உள்ளவரை அடிக்க உருட்ட வேண்டிய எண்) 17 உள்ள எதிரி என்று வையுங்கள். தாக்கோவிலிருந்து ஏசியைக் கழித்தால் அவன் உருட்ட வேண்டிய எண் வரும். வாளோடு வந்தால் அவனுக்கு 14 விழ வேண்டும், கதாயுதத்தோடு வந்தால் 10 போதும்.

இந்த ஆயுத–கவச அட்டவணை ஏடி&டி இரண்டாம் பதிப்பில் (முதல் பாகத்துக்கு அடிப்படையான மேசை விளையாட்டின் விதிகள்) விருப்ப விதி. ஒவ்வொரு அடிக்கும் அட்டவணையைப் புரட்டினால் சண்டை எப்போது முடியும்? மேசையில் பலர் ஓரங்கட்டிய விதி அது. கணினிக்குக் கூட்டல் கழித்தல் ஒரு சுமையே இல்லை என்பதால் விளையாட்டு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மூன்றாம் பாகம் அதே மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைத் தழுவியது. அங்கே செயின் மெயில் என்றால் 16, எந்த ஆயுதம் வந்தாலும் அதே 16. உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இருகை வாளின் கதை நேரெதிர். மேசையில் அதன் சேதம் மனித அளவு எதிரிக்கு 1d10 (பத்துப் பக்கப் பகடை ஒன்று), பெரிய உருவங்களுக்கு 3d6 (ஆறு பக்கப் பகடை மூன்று). சராசரி 5.5 எங்கே, 10.5 எங்கே! இந்த விளையாட்டு உருவ அளவுப் பிரிவை எடுத்துவிட்டது, எல்லாருக்கும் 1d10 தான். வேகக் காரணி (கூடினால் அடி தாமதமாகும்) 10 என்ற பின்னடைவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. நீள்வாளுக்கு அது 5. அந்த வாளுக்கு இழைத்த அநியாயம் என்றே சொல்வேன்.

வாள் முறிவது பிழை அல்ல. கதையில் இரும்பு கெட்டுப்போயிருக்கிறது, அதற்காகச் சேர்த்தது. மந்திர ஆயுதம் முறியாது.

பகடைப்பித்தன்:
அமைப்புகளில் தாக்குதல் பகடையைக் காட்டும் வசதியை இயக்கிவிட்டுப் பார்த்தேன். ஒரே தரத்து அடியாட்கள் இருவர். வாள்காரன் 11 உருட்டினான், தவறியது. கதாயுதக்காரனும் 11, பட்டது. சரி, கதாயுதத்துக்கு எந்தக் கவசம்? முழுத்தட்டுக் கவசம் வாங்கப் பணம் இல்லை.

தாக்கோதாசன்:
ஸ்பிளிண்ட் மெயில் (இரும்புப் பட்டைகள் பதித்த கவசம்). அடிப்படை 4, அம்புக்கும் குத்தலுக்கும் 3, நசுக்கலுக்கு 2. செயின் மெயிலோடு ஒப்பிட்டால் வாளுக்கு எதிராக ஒரு புள்ளி இழப்பீர்கள், கதாயுதத்துக்கு எதிராக ஐந்து புள்ளி லாபம்.

குகைவாசி:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. செயின் மெயில் அணிந்த எதிரிக்கும் இதே கணக்குத்தான். வாளை உறையில் போட்டுவிட்டு ஒரு கதாயுதத்தை எடுங்கள், நான்கு புள்ளி சும்மா கிடைக்கும். உங்கள் ஆளுக்கு அதில் தேர்ச்சி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் தண்டனைப் புள்ளி அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.