கெப்பாசிட்டர் ஏன் உப்பியது? செட்டிநாட்டுப் பக்கம் ஹார்மோனிக்ஸோடு நாங்கள் பட்ட பாடு

காரைக்குடி, மின் பராமரிப்பு ஒப்பந்ததாரர்:

புதுவயலில் அரிசி மில் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அங்கே ஒரு மில்லில், பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்கு உதவும் பங்கை) உயர்த்த வைத்திருந்த கெப்பாசிட்டர்களில் ஆறு, நான்கு மாதத்துக்குள் போயின. என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். பேனல் கதவைத் திறந்ததும் உருகிய மெழுகு வாடை முகத்தில் அடித்தது. அலுமினியக் குப்பிகளின் மேல்மூடி பணியாரம்போல உப்பி நின்றது. உள்ளே அழுத்தம் ஏறினால் மூடி மேலே எழும்பி இணைப்பைத் தானே அறுத்துக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே உப்பிய கெப்பாசிட்டர் தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

மில்லைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி நேராகக் கேட்டார்கள்: “தம்பி, சாமான் சரியில்லையா, மாட்டிய ஆள் சரியில்லையா? ஒன்றைச் சொல்லுங்கள்.” இரண்டும் சரியாகத்தான் இருந்தன. முப்பது வருடமாக அங்கே வேலை பார்க்கும் ஒயர்மேன் முடுக்கிய ஒரு போல்ட்கூடத் தளர்ந்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். டிரையர் புளோயருக்கும் பாலிஷருக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் வைத்திருந்தார்கள். மின்சாரம் மிச்சமானது, ஆனால் பில்லில் பவர் ஃபேக்டர் இறங்கியது. யாரோ சொன்னார்கள் என்று 60 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் திறனளவு) இருந்த பேனலில் 15, 15 ஆக இன்னும் 30 சேர்த்தார்கள். அந்த வாரத்திலிருந்துதான் தொல்லை.

டிரைவ் மின்னோட்டத்தை நெளிவில்லாமல் இழுப்பதில்லை, கவ்விக் கவ்வி இழுக்கிறது. அந்த முரட்டு அலையைப் பிரித்துப் பார்த்தால் நம் 50 ஹெர்ட்ஸோடு 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ் அலைகளும் கலந்திருக்கும். ஐந்தாவது, ஏழாவது, பதினொன்றாவது, பதின்மூன்றாவது ஹார்மோனிக் என்று இவற்றைத்தான் சொல்கிறோம். அப்போது பவர் ஃபேக்டர் குறைவது கெப்பாசிட்டர் போதாமல் அல்ல, அலையின் வடிவம் கெட்டுப்போனதால். மின்னோட்டத்தில் சிதைவு, அதாவது 50 ஹெர்ட்ஸ் பகுதியோடு ஒப்பிட்டால் இந்த ஹார்மோனிக்குகளின் மொத்த அளவு, 40 சதவீதம் இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பவர் ஃபேக்டர் 0.93க்கு மேல் ஏறாது. அந்தப் பள்ளத்தை எத்தனை கெப்பாசிட்டர் போட்டாலும் நிரப்ப முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை மில்களில் பணம் கரைந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இன்னொன்று, ஒத்ததிர்வு. டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் அவற்றுக்கென ஓர் அதிர்வெண் வந்துவிடும். முகப்பில் தொங்கும் ஊஞ்சலை அது வந்து போகும் நேரம் பார்த்துத் தொட்டால் விரல் நுனி போதும், உயர எழும்பும். அதே கதைதான். அந்த மில்லின் டிரான்ஸ்ஃபார்மர் திறன் 200 கேவிஏ, இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு உள்ளே இருக்கும் தடுப்பு) 4.5 சதவீதம். 200ஐ 0.045ஆல் வகுத்தால் சுமார் 4,444. அதைக் கெப்பாசிட்டர் அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பழைய 60க்கு 8.6 வருகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸைப்போல 8.6 மடங்கு. அந்த இடத்தில் தள்ளிவிட ஆள் இல்லை. ஏனென்றால் டிரைவிலிருந்து எட்டாவதும் ஒன்பதாவதும் பெரிதாக வருவதில்லை. 90 ஆக்கியதும் 7.03. ஏழாவது ஹார்மோனிக் அங்கேதான் காத்திருந்தது. நல்லதற்கென்று சேர்த்த 30தான் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியிருக்கிறது.

அளந்தபோது ஒயர்மேனின் பழைய கிளாம்ப் மீட்டர் ஒரு 15 கேவிஏஆர் கெப்பாசிட்டரில் 22 ஆம்பியர் காட்டியது. அதே கம்பியில், அலை எப்படி இருந்தாலும் உண்மை அளவைச் சொல்லும் என் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 27 காட்டியது. 440 வோல்ட்டுக்கான அந்தக் கெப்பாசிட்டருக்கு உரிய மின்னோட்டம் 20க்குச் சற்றுக் குறைவு. அதில் 1.3 மடங்கு, அதாவது 25 சொச்சம் வரைதான் தொடர்ந்து தாங்கும். அவர் மீட்டரைப் பார்த்தால் எல்லாம் எல்லைக்குள். பழைய மீட்டர் நெளிவற்ற அலையை மனதில் வைத்து எண் சொல்கிறது, கெட்டுப்போன அலையில் அது குறைத்துத்தான் காட்டும். மனிதர் இரண்டு மீட்டரையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் இதை நம்பித்தான் ஆச்சிக்குப் பதில் சொன்னேன்” என்று வருந்தினார். அவர்மேல் குற்றமே இல்லை.

ஒவ்வொரு கெப்பாசிட்டர் தொகுதிக்கும் முன்னால் 7 சதவீத ரியாக்டர் (கம்பிச் சுருள்) போட்டோம். அதனால் அந்த இணைப்பின் அதிர்வெண் 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. ஐந்தாவது 250இல் தொடங்குவதால் எதுவும் ஒத்துப்போக வழியில்லை. ரியாக்டர் வந்தால் கெப்பாசிட்டர்மேல் விழும் வோல்டேஜ் ஏறும், 415 இருக்கும் இடத்தில் 446 ஆகும். ஆகவே பழைய 440 வோல்ட் கெப்பாசிட்டர்களை அப்படியே வைத்து ரியாக்டர் மட்டும் வாங்கிப் போடாதீர்கள். நாங்கள் 525 வோல்ட் வாங்கினோம். குறைந்த வோல்டேஜில் அது தரும் கேவிஏஆர் குறையும், அதையும் கணக்குப் போட்டுத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். ஒரே பேனலில் பாதிக்கு ரியாக்டர், பாதிக்கு இல்லை என்றும் விடக் கூடாது.

டிரைவ் ஒவ்வொன்றின் முன்னாலும் 3 சதவீத லைன் சோக், இதுவும் ஒரு கம்பிச் சுருள்தான். செலவில் இதுதான் சின்னது, பலனில் பெரியது. வோல்டேஜ் சிதைவு முதல் நாள் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வேலை முடிந்த பிறகு 5க்குக் கீழே நின்றது.

ஐந்தாவதையே உறிஞ்சி எடுக்கும் டியூன்ட் ஃபில்டர் போட்டால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். புதுவயலில் ஒரே ஃபீடரில் (மின்வாரியத்தின் ஒரே லைனில்) வரிசையாக மில்கள். உங்கள் ஃபில்டர் வழியைத் திறந்துவைத்தால் பக்கத்து மில்லின் ஐந்தாவதும் அதைத் தேடி வரும், அவருக்கும் சேர்த்து உங்கள் ஃபில்டர் சூடாகும். தனியாக நிற்கும் ஆலைக்கு அது நல்ல தீர்வு. இங்கே நான் துணியவில்லை.

கானாடுகாத்தான், விடுதிப் பராமரிப்பு:

அண்ணன் சொன்னது மூன்று ஃபேஸ் டிரைவ் கதை. எங்களுடையது நியூட்ரல் கதை.

நூறு வருடத்துக்கு மேலான வீடு, இப்போது தங்கும் விடுதி. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தேக்குப் பட்டைக்குள் ஓடிய பழைய வயரிங்கில் ஒரு பகுதியை அழகுக்காக அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு கல்யாணம். வளவு முழுக்க எல்இடி சரம், அறைகளில் இன்வெர்ட்டர் ஏசி. இரவு பதினொரு மணிக்கு வார்னிஷ் காய்கிற வாடை. பட்டையில் கை வைத்தால் இஸ்திரி போட்ட சட்டைபோல வெதுவெதுப்பு. பழைய மரம், மேலே எல்லாம் பர்மாத் தேக்கு. அந்த நிமிடம் என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

உடனே சரங்களில் பாதியை அணைத்துவிட்டுப் போர்டில் பார்த்தேன். அணைத்த பிறகும் ஃபேஸ்களில் 38, 41, 36 ஆம்பியர், நியூட்ரலில் 45. ஐடிஐயில் எனக்குச் சொல்லித் தந்தது, மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்பது. அந்தப் பாடம் நெளிவற்ற அலைக்கு மட்டும்தான் பொருந்தும். எல்இடி டிரைவர், டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் மூன்றாவது ஹார்மோனிக்கைக் கொட்டுகின்றன. ஃபேஸ்களுக்கு இடையே இருப்பது 120 பாகை. மூன்றாவதுக்கு அது மும்மடங்காகி 360, அதாவது வித்தியாசமே இல்லை. மூன்று பேர் மூன்று திசையில் இழுத்தால் கயிறு நகராது. மூவரும் தேர்வடம் பிடித்ததுபோல ஒரே பக்கம் இழுத்தால்? அந்த இழுப்பு முழுவதும் நியூட்ரலில்தான். மோசமான நிலையில் ஃபேஸ் மின்னோட்டத்தைப்போல 1.7 மடங்கு வரை அதில் ஓட முடியும். எங்கள் வீட்டில் நியூட்ரல் கம்பி ஃபேஸ் கம்பியைவிட மெல்லியது, அந்தக் காலத்து வழக்கம் அப்படி. நியூட்ரலில் பியூஸும் கிடையாது. எரிந்தால்தான் தெரியும்.

முதலில் நியூட்ரலை ஃபேஸ் கம்பியைப்போல இரண்டு மடங்கு தடிமனில் தனியாக இழுத்தோம். மலிவுச் சரங்களை ஒதுக்கிவிட்டு, பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள டிரைவர்களோடு விளக்கு வாங்கினோம். கடைசியாக மெயின் போர்டில் நான்கு கம்பி ஆக்டிவ் ஃபில்டர். ஓடும் மின்னோட்டத்தை சிடி என்ற அளவுச் சுருள் வழியாகப் பார்த்து, கெட்ட பகுதிக்கு நேர் எதிரான மின்னோட்டத்தை அது உள்ளே விடுகிறது. விலை அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தேக்கு உத்தரத்துக்கு இன்று விலை சொல்ல யாராலும் முடியாது.

காரைக்குடி, முலாம் பட்டறை:

எங்கள் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து எழுந்த இடம் அது. முலாம் பூசும் தொழிலில் இருக்கிற எனக்கு அந்த வளாகத்தின் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு மரியாதை. எங்கள் தொழிலுக்கு நேர்மின்சாரம் வேண்டும், அதற்கு ரெக்டிஃபையர் வேண்டும், ரெக்டிஃபையர் என்றாலே ஹார்மோனிக்ஸ்.

நாங்கள் ஃபில்டர் வாங்கவில்லை. புது ரெக்டிஃபையர் வாங்கும்போதே பன்னிரண்டு பல்ஸ் (ஒரு சுழற்சிக்குப் பன்னிரண்டு துடிப்பு) கேட்டு வாங்கினோம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஸ்டார், ஒரு டெல்டா என இரண்டு விதக் கம்பிச் சுற்று. அவற்றுக்கு இடையே 30 பாகை வித்தியாசம் இருப்பதால் ஐந்தாவதும் ஏழாவதும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது பதினொன்றும் பதின்மூன்றும், அவை அளவில் சிறியவை. புதிதாக எதையாவது வாங்கப் போகிறவர்கள் வாங்கும் முன்பே இதைக் கேளுங்கள்.

தேவகோட்டை, மண்டப மேலாளர்:

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் ஏசி தடுமாறுகிறது, விளக்கு சிமிட்டுகிறது. மின்வாரிய லைனில் ஒன்றும் இல்லை. இதுவும் ஹார்மோனிக்ஸ்தானா ஐயா?

பொன்னமராவதி, நூற்பாலை மின்பொறியாளர்:

எனக்குச் சுருக்கமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் அலட்சியமாக இருக்காதீர்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு விதிகளின்படி, இணைப்பு இடத்தில் வோல்டேஜ் சிதைவு மொத்தம் 5 சதவீதம், தனி ஹார்மோனிக் எதுவும் 3 சதவீதம், மின்னோட்டச் சிதைவு 8 சதவீதம் என்று எல்லை இருந்தது; 2019இல் அந்த விதிகள் திருத்தப்பட்டன, இன்றைய எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எல்லை மீறித் தடுப்புச் சாதனமும் வைக்காவிட்டால் கட்டணத்தில் 15 சதவீதம் இழப்பீடாகக் கேட்கலாம். எங்கள் ஆலையில் முதலில் அளந்தோம், பிறகு ஆக்டிவ் ஃபில்டரை எந்த போர்டில் வைப்பது என்று முடிவு செய்தோம். அளவு எடுக்காமலே விலைப்பட்டியல் அனுப்பிய நிறுவனத்தை அன்றே ஒதுக்கினோம்.

காரைக்குடி, மின் பராமரிப்பு ஒப்பந்ததாரர்:

தேவகோட்டை அண்ணாச்சிக்கு: பெரும்பாலும் அதுதான். ஜெனரேட்டரின் உள் இம்பிடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மருடையதைவிடப் பல மடங்கு பெரியது. அதே கெட்ட மின்னோட்டம் லைனில் ஓடும்போது வோல்டேஜைக் கொஞ்சம்தான் கலைக்கும், ஜெனரேட்டரில் ஓடும்போது நன்றாகவே கலைக்கும். கலைந்த அலையைப் பார்த்து, ஜெனரேட்டரின் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆரும் குழம்பும். ஜெனரேட்டர் ஓடும்போது கெப்பாசிட்டர் பேனலும் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஜெனரேட்டருக்கு மாறியதும் அது தானே விடுபடும்படி இன்டர்லாக் போட வேண்டும். பாதிக் கோளாறு அதிலேயே தீரவும் வாய்ப்புண்டு.

கானாடுகாத்தான் தம்பிக்கு: நியூட்ரல் மின்னோட்டத்தை மாதம் ஒருமுறையாவது எழுதிவையுங்கள், குறிப்பாகக் கல்யாண நாளில். ஃபில்டருக்கு உள்ளே மின்விசிறி இருக்கும், பழைய வீட்டுத் தூசி அதை அடைத்துவிடும்.

வியாழக்கிழமை ஹார்மோனிக்ஸ் அளக்கும் அனலைசரோடு தேவகோட்டைப் பக்கம் வருகிறேன். மண்டபத்தில் அன்று நிகழ்ச்சி இல்லையென்றாலும் எல்லா ஏசியையும் எல்லாச் சர விளக்கையும் போட்டுவையுங்கள். முதலில் லைனில் அரை மணி நேரம், பிறகு ஜெனரேட்டரில் அரை மணி நேரம் அளக்க வேண்டும். டீசல் மட்டும் போதுமான அளவு இருக்கட்டும்.