டீசல் இன்ஜின் சூடானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

காரைக்குடி பக்கம் கல்லல்ல இருந்து எழுதுறேன். கம்மாய்ல மடை ஏறாத தண்ணிய எறைக்கத்தான் இந்த இன்ஜின், 5 எச்பி, ஒத்த சிலிண்டர், தண்ணி கூலிங், ஹேண்டில் போட்டு சுத்துறது. அப்பா காலத்து மிஷின், பேர் பிளேட்டு எழுத்தெல்லாம் அழிஞ்சே போச்சு.

மூணு வாரமா இந்தக் கூத்து. காலைல ரெண்டு சுத்துல புடிச்சிக்கும், ரெண்டு மணி நேரம் ஓடும், டீ குடிக்க நிறுத்திட்டு வந்தா அவ்ளோதான், தோள்பட்டை கழண்டாலும் புடிக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. சில நாள் சூட்டுலயும் புடிச்சிருது, அதான் கடுப்பு.

டீசல் பில்டர் மாத்தியாச்சு, டேங்க் கழுவியாச்சு, டீசல் லைன்ல அடைச்ச காத்தையும் (ஏர் லாக்) எடுத்தாச்சு. டீசல பீச்சியடிக்கிற நாசில கடைல டெஸ்ட் பண்ணி, ஸ்ப்ரே நல்லா இருக்குன்னுட்டாங்க. வால்வு டேப்பெட் கேப்பும் சரியா வச்சாச்சு. மெக்கானிக் வந்தப்ப மட்டும் சமத்தா ஓடுச்சு, 500 ரூவா வாங்கிட்டு போயிட்டாரு.

ஒண்ணு கவனிச்சேன். ஆறியிருக்கும்போது சுத்துனா நாசில்ல 'கிர்க் கிர்க்'னு சத்தம் வரும், சூட்டுல அந்தச் சத்தமே இல்ல, சைலன்சர்ல வெள்ளப் புகை கூட வரல. சுத்த லேசா இருக்க வால்வ தொறந்து வைக்கிற டிகம்ப்ரஷன் லீவர விட்டா ஹேண்டில் நல்லா எதிர்த்து உதைக்கிது, அதனால கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்து அழுத்தம்) இருக்குன்னுதான் தோணுது.

நெல்லு கதிர் வாங்குற நேரம். டீசல் பம்ப்ல டீசல அழுத்தித் தள்ளுற எலிமென்ட் தேஞ்சு, சூட்டுல டீசல் இளகி பிரஷர் கட்டாம போகுதா, இல்ல வேற எதையாச்சும் மொதல்ல பாக்கணுமா?