புதுப்பிப்பு: பழையாற்றங்கரை மீட்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது

தோவாளைப் பக்கம் பழையாற்றின் கரையில் சீமைக்கருவேலத்தை அகற்றி நீர்மருதும் புங்கமும் நட்ட பகுதியில், உயிரினங்கள் திரும்பியுள்ளனவா என்பதை எப்படி உறுதிசெய்வது என முந்தைய இழையில் கேட்டிருந்தேன். பிழைத்த கன்றுகளை எண்ணுமாறு பலர் எழுதியிருந்தனர். அது நடவின் கணக்கே தவிர, வாழிடத்தின் கணக்கு அன்று.

நம் கன்னியாகுமரி மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுவதாலும், குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வருவதாலும், நடவுக்குப் பின் பறவைகள் கூடின என்பது மட்டும் எதையும் நிறுவாது. ஆகவே மீட்ட பகுதியுடன், சீமைக்கருவேலம் அடர்ந்த ஒரு பகுதியையும், பழைய கரைமரங்கள் கெடாமல் நிற்கும் ஒரு பகுதியையும் ஒரே மாதத்தில், ஒரே ஆட்களைக் கொண்டு கணக்கெடுக்க முடிவு செய்துள்ளோம். தவளைகளும் தும்பிகளும் இதில் சேரும்.

அமெரிக்கத் தென்மேற்கின் வறண்ட ஆறுகளில் நடந்ததை இங்கே கருத வேண்டும். அயல் மரமான டாமரிஸ்கை ஒடுக்க அங்கே 2001-இல் இலைதின்னி வண்டுகளைத் திறந்தவெளியில் விட்டனர். ஆனால் அழிவின் விளிம்பிலிருந்த ஈப்பிடிப்பான் பறவை ஒன்று அம்மரத்திலும் கூடு கட்டி வந்ததால், 2010-இல் அமெரிக்க வேளாண் துறை அத்திட்டத்தை நிறுத்தியது. எனவே அடுத்த பகுதியில் வெட்டத் தொடங்குமுன், சீமைக்கருவேலத்தில் கூடு வைப்பவை எவை என்பதைப் பதிவு செய்வோம். நட்ட மரங்கள் கூடு தாங்கும் அளவு வளரும்வரை சிறுசிறு பகுதிகளாகவே அகற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடுகளிலிருந்து குஞ்சுகள் பறந்தனவா என்பதே எங்கள் முதன்மை அளவு.