82 கிலோ ஆளுக்கு பின் வீலில் 24 ஸ்போக் தாங்குமா?

வணக்கம். ரெனால்ட்ஸ் 725 ஸ்டீல் ஃபிரேமில் கட்டும் சைக்கிள் 8.6 கிலோவில் நிற்கிறது. 8.2-க்கு இறக்க வேண்டும். மிச்சம் இருப்பது வீல் மட்டும்தான்.

ஃபிரேமில் பின் வீல் உட்காரும் இடைவெளி 130 மி.மீ., ரிம் பிரேக், 25 மி.மீ. டயர். கிராங்க் (முன் பல்சக்கரங்கள்) 50/34, கேசட் (பின் பல்சக்கரங்கள்) ஷிமானோ ஹெச்ஜி800 11-34, டெரெய்லர் (கியர் மாற்றி) 105 ஆர்7000 ஜிஎஸ். ஓட்டுவது மேட்டுப்பாளையம் - கோத்தகிரி மலைப்பாதை. 11-28 கேசட் போட்டால் கொஞ்சம் எடை குறையும், ஆனால் அந்த ஏற்றத்தில் முட்டி கழன்றுவிடும். கியரில் கைவைப்பதாக இல்லை.

ஃபோர்க், சீட்போஸ்ட் இரண்டும் கார்பனுக்கு மாற்றியாயிற்று. டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) டியூபில் 120 கிராம் மிச்சமானது. நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறி வால்வு அடியில் ஒட்டு விட்டதால் மறுபடி பியூட்டைல் (வழக்கமான ரப்பர்) டியூப். கார்பன் ரிம்மும் அதே சூட்டுக்குப் பயந்தே வேண்டாம் என்று விட்டது.

இப்போதுள்ள வீல் 32/32 (முன்/பின் ஸ்போக் எண்ணிக்கை), 1,900 கிராம். கையில் இரண்டு வழி: அலுமினியத்தில் 20/24 (1,480 கிராம்), அல்லது 24/28 (1,580 கிராம்). 11-வேக ஹப்பில் (கேசட் ஏறும் வீலின் நடுப்பகுதி) இடதுபக்க ஸ்போக்கின் இழுவிசை வலதில் ஏறக்குறைய பாதிதான்; எண்ணிக்கை குறைந்தால் இடது ஸ்போக்குகள் தளர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று அறுந்தாலும் ரிம் பிரேக்கில் உரசி வண்டி நகராது. ஹெச்ஜி800 11-வேக கேசட் என்றாலும் 10-வேக ஹப்பிலும் உட்காரும் (11-வேக ஹப்பில்தான் 1.85 மி.மீ. ஸ்பேசர் வேண்டும்). 10-வேக ஹப்பில் வலது ஃபிளாஞ்ச் (ஸ்போக் மாட்டும் விளிம்பு) வெளியே தள்ளி இருக்கும், இழுவிசை வித்தியாசமும் குறையும்.

10-வேக ஹப் வைத்துக் கட்டினால் பின்னால் 24 ஸ்போக் போதுமா, 28-க்கே போகவேண்டுமா?